கண்டித் தெருவில் ஒரு பாடத்திட்டம்

கொழும்பிலிருந்து மலையேறும் ரயில் கடுகண்ணாவையைத் தாண்டிப் பேராதனைச் சந்திக்கு வரும்போது பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் என்று தேயிலை நாட்டுக்குள் ஏறிப் போகிறது. மற்றது பல்கலைக்கழகத்தின் வாசலான சரசவி உயன என்ற சிறு நிலையத்தைத் தொட்டுக்கொண்டு கண்டியை அடைகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஏரியும், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையும் கண்ணில் படுமுன் ஊரின் சத்தம் வந்து சேர்ந்துவிடும். பஸ் நிலையத்தில் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிக் கூவுகிறார்கள். லொத்தர் விற்பவரின் ஒலிபெருக்கி அதற்கும் மேலே ஏறப் பார்க்கிறது. பாண் விற்கும் முச்சக்கர வண்டி, பேத்தோவனின் பியானோத் துண்டொன்றைக் கீச்சுக் குரலில் இசைத்தபடி ஒழுங்கைக்குள் திரும்புகிறது. மாலையானால் தலதா மாளிகையின் மேளம், பள்ளிவாசல் பாங்கு, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் மணி. பயண நூல்கள் இவை அனைத்தையும் ‘பல்சமய நல்லிணக்கம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டுத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடும். அந்த வரி பாதி உண்மைதான். கண்டியின் ஒலிகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. வழக்காடியும் இருக்கின்றன, உரிமம் கேட்டு வரிசையில் நின்றும் இருக்கின்றன, ஒருமுறை நாட்டையே எரித்தும் இருக்கின்றன. ஒலி, ஊடகம், நகரம் மூன்றையும் சேர்த்துப் படிப்பிக்கும் பாடநெறி ஒன்றைத் தமிழரும் சிங்களவரும் படிக்கும் பல்கலைக்கழகம் ஏதாவது வகுக்க நினைத்தால், அது தொடங்க வேண்டிய இடம் இந்த வழக்குகள்தாம் என்பது என் கட்சி.

இத்தகைய பாடநெறிகள் உலகில் வேறு வழியில் தொடங்கின. கனடாவின் வான்கூவர் அருகே சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் மர்ரே ஷாஃபரும் அவருடைய குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் ஊர் ஊராக ஒலிகளைப் பதிவு செய்தார்கள். வான்கூவர் நகரின் ஒலிப்பதிவு 1973இல் வந்தது. ஷாஃபரின் நூல் 1977இல். நகரத்தைக் காதால் ஆராயலாம் என்பதை அறிவுலகம் ஒப்புக்கொண்டது அவர்களால்தான். ஆனால் அவர்களுடைய மனச்சாய்வு வெளிப்படையானது: பறவையும் கோவில் மணியும் நல்லவை, மோட்டாரும் ஒலிபெருக்கியும் கெட்டவை, இழந்த அமைதியை மீட்பதே வேலை. பின்னால் வந்த எமிலி தாம்சன், ஜானதன் ஸ்டேர்ன் போன்றோர் இதைக் கேள்விக்குட்படுத்தினார்கள். எது தொல்லை, எது இசை என்பதைத் தீர்மானிப்பதில் வர்க்கமும் சட்டமும் தொழில்நுட்பமும் கைகோத்திருக்கின்றன என்று காட்டினார்கள். வான்கூவரின் அளவுகோலைக் கண்டிக்குக் கொண்டுவந்தால் அது முதல் தெருமுனையிலேயே முறிந்துவிடும். இங்கே மிகப் பெரிய சண்டை எந்த இயந்திரத்தாலும் வந்ததில்லை. மரத்தாலும் தோலாலும் செய்த மேளத்தால் வந்தது.

பேராதனைச் சந்தியில் பிரிந்த இரண்டு தண்டவாளங்களின் கோடியிலும் அந்தச் சண்டையின் தடம் இருக்கிறது. கம்பளையில் வலஹாகொட தேவாலயத்தின் (பௌத்தர் வழிபடும் தெய்வக் கோவில்) பெரஹரா ஊர்வலம் அம்பகமுவ வீதி வழியாகப் போவது வழக்கம். அந்த வீதியில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்கள் தொழும் பள்ளிவாசல் இருந்தது. 1912இல் அரசாங்க அதிகாரி ஒரு நிபந்தனை விதித்தார்: பள்ளிவாசலுக்கு இருபுறமும் 100 யார் தூரத்துக்கு மேளம் அடிக்கக் கூடாது. தேவாலயத்தின் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே அதை ஏற்கவில்லை. மேளம் இல்லாத பெரஹரா பெரஹராவே இல்லை என்று வழக்குத் தொடுத்தார். அவர் கையில் எடுத்த ஆவணம் 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தம். பௌத்தத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக அதன் ஐந்தாம் உறுப்புரையில் பிரித்தானிய முடி உறுதி தந்திருந்தது. கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்த வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. நான்கு மாதம் கழியவில்லை. மே 28, வெசாக் இரவு, கண்டி நகரத்தில் பாடிக்கொண்டு வந்த பக்திக் குழுவினருக்கும் காசில் ஹில் தெருப் பள்ளிவாசலில் நின்றவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் சில நாட்களில் கொழும்புக்கும் தெற்குக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களும் உண்டு. தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் சிங்களவருக்காகப் பேசியதும், 1916இல் அதுபற்றி நூல் வெளியிட்டதும் நம்மவர் பலரும் அறிந்த வரலாறு. ஆனால் அந்த வரலாற்றை நாம் இனம், வணிகப் போட்டி, ஏகாதிபத்தியம் என்ற தலைப்புகளில் படிக்கிறோம். அவையெல்லாம் சரி. நீதிமன்றத்தில் எழுதப்பட்ட கேள்வியோ மிகச் சிறியது: ஒரு மேளம் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எங்கே மீண்டும் தொடங்கலாம்?

அந்தச் சிறிய கேள்விக்கு விடை சொல்ல ஒரு துறை போதாது. ஒப்பந்த உறுப்புரையையும் பின்னால் வந்த கட்டளைச் சட்டங்களையும் எடைபோட சட்டம் வேண்டும். கரையோர முஸ்லிம் வணிகர் அந்த வீதிக்கு எப்போது வந்தார்கள், கடன் கணக்குகள் யாரிடம் இருந்தன என்று சொல்ல வரலாறும் பொருளியலும் வேண்டும். தவுல, தம்மெட்டம், ஹொரனேவ சேர்ந்த ஹேவிசி வாத்தியக்குழு நடந்துகொண்டே வாசிக்கையில் 100 யார் அப்பால் எவ்வளவு கேட்கும் என்று சொல்ல ஒலியியல் வேண்டும். அந்த வாசிப்பைப் பாதியில் நிறுத்துவது சடங்கை முறிப்பதாகுமா என்று சொல்ல இசையும் மானிடவியலும் வேண்டும். வதந்தி கண்டியிலிருந்து கொழும்புக்குப் போன வேகத்தை விளக்க ஊடகவியல் வேண்டும். ரயிலும் தந்தியும் அச்சுத்தாளும் அன்றைய ஊடகங்கள். ஐந்தாறு துறை ஆசிரியர்களை ஆளுக்கு இரண்டு விரிவுரை என்று அழைத்துவந்து பேசவைத்து அதற்குப் பல்துறைப் பாடம் என்று பெயரிடுவது நம் பல்கலைக்கழகங்களின் வழமை. மாணவர் கடைசியில் ஆறு முன்னுரைகளைக் கேட்டிருப்பார். ஒரு வழக்கை நடுவே வைத்தால் துறைகள் ஒன்றையொன்று தேடி வரும். ஒலியியல்காரருக்கு வரலாற்றுக்காரர் தேவைப்படுவார், வெறும் உபசாரத்துக்காக அல்ல, தன் அளவீட்டுக்குப் பொருள் இல்லாமற் போகும் என்பதற்காக.

கண்டி இதற்குத் தரும் பொருள் 1915உடன் நின்றுவிடவில்லை. இந்த நகரம் ஒலியால் ஆளப்பட்ட தலைநகரம். தலதா மாளிகையில் விடியற்காலை, முற்பகல், மாலை என்று மூன்று பூசைக்கும் மேளம் முழங்குகிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊரில் அது நேரம் சொல்லும். எசல பெரஹராவில் முதலில் வருபவர்கள் சவுக்கை வீசி வெடிக்கச் செய்வோர். யானையைக் காணுமுன் தெரு விலகி வழிவிட வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது. பின்னால் தலதா மாளிகையின் அணி, அதன்பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் அணிகள் என்று அரசியல் வரிசை ஒன்று ஒலியாலேயே கேட்கும். கதிர்காமத் தேவாலய அணியில் காவடி ஆடுகிறது. பத்தினி அணியில் பெண்கள் ஆடுகிறார்கள். அந்தப் பத்தினி நம் கண்ணகி. புனித தந்தம் பெரஹராவின் தலைமைக்கு வந்தது மதுரை நாயக்கர் உறவு கொண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் (1747–1782). அதற்கு முன்பு அது தேவாலயங்களின் விழா. சுருங்கச் சொன்னால், பெரஹராவை ஒரே இனத்தின் பண்பாட்டுச் சின்னமாகவோ சுற்றுலாக் காட்சியாகவோ மட்டும் படிப்பவர் பாதியைத்தான் கேட்கிறார். கணநாத் ஒபயசேகரவின் பத்தினி வழிபாடு பற்றிய 1984ஆம் ஆண்டு நூல் பேராதனை நூலகத்தில் எடுத்துப் படிக்கக்கூடியது. அதோடு தேவாலய வாசலில் ஒரு மாலை நின்று கேட்பதையும் சேர்த்தால் வாரப் பாடம் ஒன்று தயார்.

மேளத்துக்குப் பின் ஒலிபெருக்கி. இதற்கும் சட்டப் புத்தகத்தில் தடம் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஓசைக் கட்டுப்பாட்டு விதிகள் மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் என்று வரம்பு கட்டின; அமைதி வலயங்களுக்கு 50, 45. டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு, பத்து கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும் என்பதைக் கலைப்பீட மாணவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லித் தந்தால்தான் 63க்கும் 50க்கும் இடையிலுள்ள தூரம் புரியும். 2007 நவம்பரில் வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் எல்லா மதத்தவருக்கும் பொதுவாக, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரக்கூடாது என்று பணித்தது. கேட்க விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்கவைக்க எவருக்கும் உரிமையில்லை என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. 1914இல் கேள்வி ‘எங்கே’ என்றிருந்தது. 2007இல் ‘எந்த நேரத்தில், எந்தக் கருவியால்’ என்று ஆகிவிட்டது. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும் மாணவர், ஒலியை ஒழுங்குபடுத்தும் அரசு கேட்பவரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும்விடத் துல்லியமாகக் கற்றுக்கொள்வார்.

மூன்றாவது அடுக்கு கைபேசி. 2018 மார்ச்சில் கண்டி நகரிலிருந்து கிழக்கே போகும் வீதியிலுள்ள திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை வெடித்தது. அரசாங்கம் அவசரகாலநிலையை அறிவித்து, பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் முதலியவற்றைச் சில நாட்கள் முடக்கியது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கத் தவறியதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 1915இல் வதந்தி ரயிலேறிப் போனது. 2018இல் கைக்கு வந்துவிட்டது. இங்கே ஊடகம் என்பதைத் தனிப் பாடமாக வெட்டி எடுத்தால் நிகழ்ச்சி புரியாது. எந்த வீதியில், எந்தக் கடைவரிசையில், எந்த ஒலிபெருக்கி ஊர்வலத்தோடு அந்தக் காணொளிகள் சேர்ந்தன என்பதைக் கேட்டால்தான் நகரமும் ஊடகமும் ஒன்றாகத் தெரியும்.

பேராதனைக்கு இது புதிய வேலையா? இல்லை, மறந்துபோன வேலை. ஐவர் ஜெனிங்ஸ் உபவேந்தராயிருந்த காலத்தில் பட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபோர்ட் ஹொலிடேயும் திட்டமிட்டு, ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வடிவமைத்து, 1952இல் பல்கலைக்கழகம் இங்கே வந்தது. மகாவலியின் ஒரு கரையில் கலைப்பீடம், மறுகரையில் பொறியியல் பீடம், நடுவில் அக்பர் பாலம். வளாகத்தின் அழகைப் புகழாதவர் இல்லை. அந்த அழகிலே ஒரு குறையும் உண்டு: நகரத்தின் இரைச்சலிலிருந்து அறிவைத் தள்ளிவைத்துக் காப்பது என்ற எண்ணத்தில் எழுந்த வளாகம் இது. ஆனாலும் இந்த வளாகத்தில்தான் எதிரிவீர சரச்சந்திர, 1956இல் ‘மனமே’யையும் 1961இல் ‘சிங்கபாகு’வையும் நாடகமாகப் படைத்தார். ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டுக்கூத்து மரபின் வேரைத் தேடிப் போனவர் தமிழ்க் கூத்தில் வந்து நின்றார். அதைப் பார்த்துத் தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை வளாகத்துக்குக் கொண்டுவந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மத்தளத்தோடு வந்து மாணவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அதையடுத்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’. இரவு முழுக்க ஆடியதை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கியபோது எந்தத் தாளக்கட்டை வைப்பது, எதை விடுவது என்பது மொழித்துறைக் கேள்வியா, இசைக் கேள்வியா, மேடைக் கேள்வியா? எல்லாம்தான். அவர்கள் அதற்குப் பல்துறைக் கல்வி என்று பெயர் சூட்டவில்லை; அண்ணாவியாருக்கு வளாகத்தில் ஓர் இடம் கொடுத்தார்கள். பட்டமில்லாத ஆசிரியரை வகுப்புக்குள் அழைக்கும் அந்தத் துணிவுதான் இன்று அரிதாகிவிட்டது.

ஆகவே பாடநெறியை வகுப்பவர் முதலில் செய்ய வேண்டியது நேரக்கணக்கு. இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறமையலகுக்கு 50 கற்றல் மணி நேரம். மூன்று அலகுப் பாடமென்றால் 150. அதில் விரிவுரை 45 மணி நேரத்துக்கு மேல் போகத் தேவையில்லை. மீதி நூற்றைந்து மணி நேரம் நடப்பதற்கும் பதிவதற்கும் ஆவணக் காப்பகத்துக்கும் உரியது. மாணவர் மூவர் மூவராகச் சேர வேண்டும். மூவரில் ஒருவராவது தமிழ்மொழி மூலம், ஒருவராவது சிங்களமொழி மூலம், ஒருவர் பொறியியல் பீடத்தவர். கலைப்பீடத்தில் பல பத்தாண்டுகளாகத் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு விரிவுரை கேட்டுவருகிறார்கள். ஒரு பதிவைக் கேட்டு அது என்ன என்று எழுதச் சொன்னால் இருவரும் ஒருவரையொருவர் கேட்டே தீர வேண்டும். பாங்குக்கும் பௌத்தப் பிரித் ஓதலுக்கும் தேவாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் அறியாத பட்டதாரிகளை நாம் தொடர்ந்து உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது வெட்கத்துக்குரிய உண்மை. பரீட்சைக்குப் பதில் ஒரு தெருவின் கோப்பு: ஒரு நாளின் ஒலிப்பதிவு, அளவீடு, அந்தத் தெருவைத் தொட்ட சட்டம், பழைய பத்திரிகைச் செய்தி, அங்கே கடை வைத்திருப்பவரின் வாய்மொழி. காசில் ஹில் தெருவில் தொடங்கலாம்.

கண்டி என்றால் நகர எல்லை மட்டும் போதுமா என்று கேட்பவருக்கு: போதாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் ஹேவாஹெட்டைப் பக்கம், இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரயில் கண்டிக்கு வந்த ஆண்டும் அதுவே. தோட்டத்தில் விடியலைத் தப்பு அறிவித்தது. தப்பொலி கேட்டுத் தொழிலாளர் பிரட்டுக்களத்தில் வந்து நின்றார்கள். வேலைக்கு அழைத்த அதே தப்பு காமன் கூத்துக்கும் இறப்புக்கும் ஒலித்தது. மாளிகை மேளத்துக்கு மரபுரிமை என்ற பெயரும் பாதுகாப்பும் உண்டு. உலக மரபுரிமைப் பட்டியலில் கண்டி 1988இல் ஏறியது. தப்புக்கு அப்படி எதுவும் இல்லை. அடிப்பவரின் சாதியைச் சொல்லி அதை மறைக்க விரும்பும் படித்த பிள்ளைகளும் உண்டு. நகர ஒலி என்ற பாடம் தோட்டத்துக்குப் போகாவிட்டால், அரண்மனையின் காதை மட்டும் வைத்துக்கொண்டு நகரத்தைக் கேட்டதாகிவிடும்.

எதிர்வாதங்கள் உண்டு, இலேசானவையும் அல்ல. முதலாவது, ஆழம் போய்விடும் என்பது. இளங்கலை மாணவருக்கு ஒரு துறையின் இலக்கணமே இன்னும் பிடிபடவில்லை, அதற்குள் ஆறு துறையா? இது நியாயமான அச்சம். அதனால்தான் இந்தப் பாடத்தை முதலாம் ஆண்டில் வைக்கக் கூடாது என்கிறேன். தன் துறையில் இரண்டு ஆண்டு காலூன்றிய மாணவரே மற்றவருக்குக் கொடுக்க ஏதாவது வைத்திருப்பார். இரண்டாவது, வேலை எங்கே என்பது. கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதிக்கு வந்த நாட்டில் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்பவர் பேராசிரியராக இருக்கலாம், பெற்றோராக இருக்க முடியாது. ஒலிப்பதிவு, தொகுப்பு, மூன்று மொழியில் ஆவணப்படுத்தல், சுற்றாடல் அளவீடு ஆகியவை வானொலிக்கும் அருங்காட்சியகத்துக்கும் மாநகர சபைக்கும் சுற்றாடல் அதிகார சபைக்கும் தேவையான கைத்திறன்கள். ஆனால் எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பது பொய். இந்தப் பாடம் ஒரு பட்டத்தின் பகுதியாக இருக்கட்டும், தனிப் பட்டமாக வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. பள்ளிவாசல் முன் மாணவர் ஒலிவாங்கியோடு நின்றால் என்ன ஆகும்? டெசிபல் அளவு ஒன்று வெளியே கசிந்து, ‘பார், இவர்களுடைய சத்தம்தான் அதிகம்’ என்று மறுநாள் பேஸ்புக்கில் ஏறினால்? அறிவியலின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பகை வரும். இந்த ஆபத்தை மறுக்க எனக்கு வழியில்லை. குறைக்க வழிகள் உண்டு. எந்த வழிபாட்டிடத்தையும் தனியாக அளக்கக் கூடாது. தெருவை முழுதாக, பஸ் நிலையத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இடத்துப் பொறுப்பாளரின் அனுமதியும், பதிவை அவரும் கேட்டுத் திருத்தம் சொல்லும் உரிமையும் வேண்டும். வாய்மொழி தந்தவர் திரும்பப் பெற நினைத்தால் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஆபத்து மிஞ்சும். ஆனால் பல்கலைக்கழகம் பேசாமலிருந்தால் இந்த விஷயம் பேசப்படாமல் போய்விடாது. மேடைப் பேச்சாளரும் கைபேசிக் காணொளிக்காரரும் ஏற்கெனவே அதைப் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதிப் படிவமும் இல்லை, திருத்தும் உரிமையும் இல்லை.

செலவு பெரிதல்ல. பாடம் நடக்கும் முதல் ஆண்டுக்குக் கைபேசிப் பதிவே போதும். முறையாகத் தரப்படுத்திய ஒலிமட்டமானி ஒன்றைப் பொறியியல் பீடத்திலிருந்து இரவல் வாங்கலாம். கம்பளை வழக்கின் தீர்ப்பும் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 1996ஆம் ஆண்டு வர்த்தமானியும் இராமநாதனின் நூலும் நூலகத்தில் ஒரு மேசையில் அடங்கிவிடும். பேராதனைத் தமிழ்த்துறைக்கும் சிங்களத்துறைக்கும் ஒரு வேண்டுகோள்: முதல் பாடக்குழுவில் ஹேவிசி வாசிப்பவர் ஒருவரையும் தோட்டத்துத் தப்புக் கலைஞர் ஒருவரையும், விரிவுரையாளருக்குக் கொடுக்கும் அதே மணிக்கணக்குச் சம்பளத்தோடு, பெயர் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.